டான்யூப் கரையில் குடும்பத்தோடு சைக்கிள்: இங்கிருந்து போகிறவர்கள் விடும் தவறுகள்

சூரிச்சில் சித்தப்பா, ஸ்டுட்கார்ட்டில் மச்சாள் என்று உறவுகள் இருக்கும்போது, மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள ஒரு குடும்பத்துக்கு ஆகஸ்ட் விடுமுறையில் ஐரோப்பாவில் சைக்கிள் ஓடிப் பார்க்கும் ஆசை வருவது புதினமில்லை. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் பாதை, ஜேர்மனியின் பாசாவிலிருந்து ஒஸ்திரியாவின் வியன்னா வரை டான்யூப் ஆற்றோரமாகப் போவதுதான். ஏறத்தாழ 320 கிலோமீற்றர். ஏற்றம் குறைவு, பெரும்பகுதி வாகன நெரிசல் இல்லாத பாதை. சைக்கிளை இங்கிருந்து விமானத்தில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதும் இல்லை. பாசாவில் வாடகைக்கு எடுத்து வியன்னாவில் விட்டுவிடலாம்.

சமதரை என்றதும் நம்மவர்கள் கல்முனை வீதியை மனதில் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். கல்லடியிலிருந்து கல்முனை ஏறத்தாழ 40 கிலோமீற்றர், அதைக் காலையில் ஓடி முடித்துவிடலாம், ஆகவே ஒரு நாளைக்கு 55 வைத்தால் ஆறு நாளில் வியன்னா என்று முடிவாகிவிடுகிறது. அந்த ஆறு நாளுக்கும் விடுதிகளைப் பணம் கட்டிப் பதிவும் செய்துவிடுகிறார்கள். மற்றத் தவறுகளில் பாதி இந்த ஒரு தவறிலிருந்துதான் பிறக்கிறது.

நமக்கு மழை ஒரு பருவம். மாரியில் வரும், கோடையில் வராது; இடையில் சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமழை. மத்திய ஐரோப்பாவின் கோடையில் அந்த ஒழுங்கு கிடையாது. இன்று 30 பாகையில் வியர்த்து வடிந்த இடத்தில் நாளை 14 பாகையில் தூறல் பிடிக்கலாம். விடுதிக்குக் கட்டிய பணம் போய்விடும் என்பதற்காக எட்டு வயதுப் பிள்ளையை அந்தத் தூறலில் 55 கிலோமீற்றர் மிதிக்க வைப்பதைப் பயணம் என்று நான் சொல்லமாட்டேன். நாளுக்கு 30, 35 கிலோமீற்றர் வையுங்கள். மூன்று நாளுக்கு ஒரு நாளை வெறுமையாக விடுங்கள். விடுதியை எடுக்கும்போது விலையைவிட, எத்தனை நாளுக்கு முன்வரை இரத்துச் செய்யலாம் என்பதைப் பாருங்கள். முழுத் தூரத்தையும் ஓடியே தீர வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. லின்ஸ், மெல்க், கிரெம்ஸ் ஆகிய ஊர்களில் ரயில் நிலையங்கள் உண்டு. மழை விடாவிட்டால் ஒரு துண்டை ரயிலில் கடந்துவிடலாம். நல்ல வெயிலை மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரையான வாகௌ பள்ளத்தாக்குக்குச் சேமித்து வையுங்கள். திராட்சைத் தோட்டங்களும் அப்ரிகொட் மரங்களும் நிறைந்த இந்தப் பகுதி 2000ஆம் ஆண்டிலிருந்து உலக மரபுரிமைத் தலம்.

ரயிலிலும் ஒரு பொறி இருக்கிறது. சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வேண்டும்; தூர ரயில்களில் இடத்தையும் முன்பதிவு செய்ய வேண்டும். உள்ளூர் ரயிலில் இடம் நிறைந்துவிட்டால் ஏற்றமாட்டார்கள். நாலு சைக்கிளோடு நிற்கும் குடும்பம் இரண்டாகப் பிரிந்து அடுத்தடுத்த ரயில்களில் போகவும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

அடுத்தது திசை. அங்கே மேற்கிலிருந்து காற்று வீசும் நாட்கள் அதிகம். உறவினர் வியன்னாவில் இருக்கிறார் என்பதற்காக அங்கிருந்து மேற்கே தொடங்கினால் எதிர்காற்றையும் சேர்த்து மிதிக்க நேரும். எதிர்காற்று சின்னக் கால்களை என்ன செய்யும் என்று தெரிய ஐரோப்பா போகத் தேவையில்லை. ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும்போது பிள்ளைகளோடு மண்முனைப் பாலத்தைக் கடந்து வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம், கொக்கட்டிச்சோலை வரை ஒரு தடவை ஓடிப் பாருங்கள். யார் முன்னால் போய்க் காற்றை மறைப்பது, யார் கடைசியில் வருவது, சின்னவர் எந்த இடத்தில் அழத் தொடங்குவார் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

உடுப்பு விடயத்தில் நாம் விடும் தவறு, குளிர் என்றால் தடித்த உடுப்பு என்று நினைப்பது. ஜீன்ஸும் பருத்தி ரீசேர்ட்டும் நனைந்தால் இலேசில் காயாது. ஈரத் துணியில் காற்றுப் பட்டால் 15 பாகையிலும் உடல் நடுங்கும். உள்ளே மெல்லிய கம்பளி அல்லது பொலியெஸ்டர், அதற்கு மேல் ஒரு சூடான சட்டை, வெளியே மழைச்சட்டை என்று கழற்றிப் போடக்கூடியதாக இருக்க வேண்டும். கைக்கு உறை அவசியம். விறைத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, பின்னால் கொளுவிய ட்ரெயிலரில் இருக்கும் குழந்தை. மிதிக்கிற அப்பா வியர்த்து, "இன்றைக்கு நல்ல சூடு" என்று சொல்லிக்கொண்டே போவார். அசையாமல் இருக்கும் குழந்தைக்குத் தன் உடலைச் சூடாக்க வழியில்லை. உங்கள் உடம்பை வைத்து அதன் குளிரை அளக்காதீர்கள். அடிக்கடி நிறுத்தி அதன் கழுத்தின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள்.

பத்து நாள் வானிலையைப் பார்த்துத் திட்டம் போடுவது வீண். இரண்டு, மூன்று நாளுக்கு மேற்பட்டதை ஒரு ஊகமாக மட்டும் எடுங்கள். அன்றன்று மழை ராடரைப் பார்த்தால், முகில் கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரியும். ஜேர்மன் வானிலைச் சேவையின் கைபேசிச் செயலி எச்சரிக்கைகளைத் தரும். கோடையின் இடிமழை அங்கும் பெரும்பாலும் பின்னேரத்தில்தான் வரும். ஆகவே விடிய வெளிக்கிட்டு மதியத்துக்குப் பிறகு ஒதுங்கிவிடும் நம்முடைய பழைய வழக்கம் அங்கேயும் உதவும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 செக்கன்களுக்குக் குறைவென்றால் கட்டடம் ஒன்றுக்குள் போய்விட வேண்டும். தனி மரத்தடியும் ஆற்றங்கரையும் ஆகவே ஆகாது.

வெள்ளத்தை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் ஐரோப்பிய ஆறு என்றால் அடக்கமானது என்ற நினைப்பு பலரிடம் உண்டு. 2013 ஜூனில் பாசாவில் டான்யூப் 12.89 மீற்றர் வரை ஏறியது. ஐந்து நூற்றாண்டுகளில் அந்த நகரம் அப்படி ஒரு வெள்ளத்தைக் கண்டதில்லை. ஆற்றோரப் பாதைதான் முதலில் மூழ்கும். பாதையைத் தடுப்புப் போட்டு மூடியிருந்தால், "கொஞ்சத் தண்ணீர்தானே" என்று சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

வீதியில் இடம் வலம் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரேக்கும் மாறும் என்பது பலருக்குத் தெரியாது. நமது சைக்கிள்களில் வழக்கமாக வலக்கைப் பிடி முன் சக்கரத்துக்கு. ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் பெரும்பாலும் இடக்கைப் பிடிதான் முன் சக்கரத்துக்கு. பதற்றத்தில் பழகிய கை போய்ப் பிடித்தால் ஈரத் தரையில் ஆள் குப்புற விழலாம். சில வாடகைச் சைக்கிள்களில் பெடலைப் பின்னால் மிதித்தாலும் பிரேக் பிடிக்கும். பெடலைப் பின்னோக்கிச் சுழற்றி விளையாடும் பிள்ளைகளுக்கு இதை முதலே சொல்லிவைக்க வேண்டும். வாடகைக்கு எடுத்ததும் வெறும் இடத்தில் அரை மணித்தியாலமாவது பழக விடுங்கள். லின்ஸிலும் வியன்னாவிலும் வீதி நடுவே டிராம் தண்டவாளம் ஓடும். அதைக் குறுக்காக நேரே கடக்க வேண்டும், சரிவாகப் போனால் ரயர் இடுக்கில் விழுந்துவிடும். அடையாளப் பலகை இல்லாத சந்திகளில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. ஒஸ்திரியாவில் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம். ஜேர்மனியில் எட்டு வயது நிரம்பாத பிள்ளைகளைப் பெரியவர்களோடு பெருவீதியில் ஓட விடக்கூடாது. நடைபாதை அல்லது வீதியிலிருந்து பிரிக்கப்பட்ட சைக்கிள் பாதைதான்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஞாயிற்றுக்கிழமையைத் தவிர. ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் அன்று சுப்பர்மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். காத்தான்குடியில் இரவு பத்து மணிக்கும் கடை திறந்திருக்கும் பழக்கத்தில் போகிறவர்கள் வெறும் பிஸ்கட்டோடு ஒரு நாளைக் கழிக்க நேரும். ஆகஸ்ட் 15உம் ஒஸ்திரியாவில் விடுமுறை. வீட்டிலிருந்து இறைச்சியும் பாற்பொருட்களும் கொண்டுபோக ஐரோப்பிய ஒன்றியம் விடாது. கருவாட்டுக்குத் தடையில்லை, நனைந்த பைக்குள் அது வீசப்போகும் வாடையைத் தாங்க உங்களால் முடியுமானால்.

விசாவில் ஒன்று. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை அதிக நாள் தங்கப்போகும் நாட்டின் தூதரகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். ஒருமுறை நுழையும் விசாவோடு இடையில் லண்டன் மாமாவைப் பார்க்கப் போனால், பிரித்தானியாவுக்கு வேறு விசா தேவை என்பது ஒருபுறம், திரும்பி வியன்னாவுக்கு வர முடியாது.

மழைச்சட்டையை வாங்கியவுடன் பெட்டிக்குள் வைத்துவிடுவதும் ஒரு தவறுதான். இடி மின்னல் இல்லாத ஒரு மார்கழி மழையில், பிள்ளைகளுக்கும் அவரவர் சட்டையைப் போட்டுவிட்டு, கல்லடியிலிருந்து குருக்கள்மடம் வரை ஓடிவிட்டு வாருங்கள். எந்தத் தையலால் தண்ணீர் இறங்குகிறது, தொப்பி எப்போது கண்ணை மறைக்கிறது என்று பார்த்து, ஒழுகுவதை இங்கேயே மாற்றிக்கொள்ள ஆகஸ்ட் வரை நேரம் இருக்கிறது.