அதிர்ச்சி அலைக்குப் பின்னே தீப்பற்றும் வாயு: எங்கே தவறுகிறோம்?

இரணைமடுக் குளத்தின் துருசைத் திறக்கும்போது வாய்க்காலோரம் நின்றிருக்கிறீர்களா? முதல் நீர் சுவர்போல ஓடிவரும். கீழே பலகை போட்டு அடைத்திருந்தால் அதில் மோதி, இன்னும் உயர்ந்து, வந்த வழியே திரும்பும். வாயுவை அதிர்ச்சி அலையால் நொடிப்பொழுதில் சூடாக்கும் நீண்ட, மூடிய குழாய்தான் அதிர்ச்சிக் குழாய். அதிலும் இதுதான் நடக்கிறது. உயர் அமுக்க ஈலியத்துக்கும் எரிவாயுக் கலவைக்கும் நடுவிலுள்ள மென்தகடு கிழிந்ததும் அலை பாய்கிறது. முடிவுச் சுவரில் மோதித் திரும்பும் அலைக்குப் பின்னால் வாயு மிகுந்த சூட்டில் அசையாமல் நிற்கிறது. அது எத்தனை மைக்ரோ செக்கன் கழித்துத் தீப்பற்றுகிறது என்பதே கேள்வி. அந்த நேரத்தைத்தான் தாமதம் என்கிறோம்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளின் கணக்குகளில் நான் முதலில் தேடுவது வெப்பநிலையை. அதை யாரும் வெப்பமானியால் அளப்பதில்லை. அலையின் வேகத்திலிருந்து கணிக்கிறோம். குழாய் முழுவதற்கும் ஒரே சராசரி வேகத்தை எடுப்பதுதான் மிகப் பெரிய தவறு. அலை ஓட ஓடத் தளர்கிறது. குழாய் நெடுகப் பொருத்திய அமுக்க உணரிகளுக்கிடையே தனித்தனி வேகம் கண்டு, கோடு வரைந்து, அதை முடிவுச் சுவர்வரை நீட்ட வேண்டும். ஆகன் மிகுந்த மெதேன் கலவையில், 1,400 கெல்வின் அருகே, வேகம் 1 சதவீதம் பிசகினால் வெப்பநிலை சுமார் 25 கெல்வின் பிசகும். தாமதமோ ஏறக்குறைய 30 சதவீதம் மாறிவிடும். வேதிவினைக் கணக்கைக் குறைசொல்லுமுன் அந்தக் கோட்டை மறுபடி வரையுங்கள், பிள்ளைகளே.

ஒரு மாணவி காட்டிய வரைபடத்தில் அமுக்கம் இரண்டு படியாக ஏறியிருந்தது. முதற்படி போகும் அலை, இரண்டாம் படி திரும்பும் அலை. அவர் இரண்டாம் படியிலிருந்து எண்ணாமல், முதற்படியிலிருந்தே நேரத்தை எண்ணியிருந்தார். சுவருக்கு 2 சென்ரிமீற்றர் தள்ளியிருந்த உணரியில் அந்த இடைவெளி சில பத்து மைக்ரோ செக்கன்தான். ஆனால் 200 மைக்ரோ செக்கன் தாமதத்தில் அது பெரும் பங்கு.

மன்னார்ப் படுகையில் 2011இல் இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டதால் அதை ஆராய விரும்புகிறவர்கள் உண்டு. அதை வெறும் மெதேன் என்று கொள்ளாதீர்கள். சிறிதளவு எதேனோ புரொப்பேனோ இருந்தாலே தாமதம் வெகுவாகக் குறையும். வாயுக்களைக் கலக்கும் தொட்டியை நிரப்பிய கையோடு பரிசோதனை செய்யவும் வேண்டாம். வாயுக்கள் தாமாகக் கலக்க மணிக்கணக்காகும், ஓர் இரவு விடுங்கள். கார்த்திகை மழையில் குழாயைத் திறந்தால் சுவரில் ஈரம் ஒட்டிக்கொள்ளும். வெற்றிடமாக்க வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் கொடுங்கள். ஒட்சிசன் இணைப்பில் கிரீஸ் துளியும் படக்கூடாது. அது உயிர் பற்றிய விடயம்.

ஈலியப் பக்கத்திலிருந்து, அமுக்கத்தைக் குறைக்கும் விரிவலை வந்து சேர்ந்ததும் வாயு குளிரத் தொடங்கும். அதற்குப் பிறகு பற்றிய தீயை அட்டவணையில் சேர்க்காதீர்கள்.