புறப்பட்டவுடன் ஸ்டால்: சுபாங்கில் பறக்கப் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஸ்டால் வரும். எதிர்க்காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலான கோணம் சுமார் 15 முதல் 18 டிகிரியைத் தாண்டினால், காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுப் பிரிந்து, தூக்குவிசை சரிந்துவிடும். இதுதான் ஸ்டால். உயரே என்றால் மூக்கைத் தாழ்த்தி மீண்டுவிடலாம். புறப்பட்ட சில விநாடிகளில் அதற்கு உயரம் கிடையாது.

கோலாலம்பூர் வெயிலைக் கணக்கில் எடுக்காததில் சிக்கல் தொடங்குகிறது. கோலாலம்பூருக்கு அருகிலுள்ள சுபாங் விமான நிலையத்தின் ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து 90 அடிதான். ஆனால் 33 டிகிரி வெப்பத்தில் காற்று மெலிந்துவிடுவதால், விமானம் ஏறத்தாழ 2,200 அடி உயரத்தில் இருப்பதுபோலவே நடந்துகொள்ளும். முழு எடையில், அதாவது 1,157 கிலோவில், செஸ்னா 172எஸ் என்ற சிறிய பயிற்சி விமானம் மெதுவாகத்தான் ஏறும். "ஏறமாட்டேன் என்கிறதே" என்று மூக்கை இழுக்காதீர்கள். 74 நாட் (மணிக்கு 74 கடல் மைல்) வேகத்தைப் பிடித்துக்கொண்டு, கிடைக்கிற ஏற்றத்தோடு போங்கள். ஸ்டாலை எச்சரிக்கும் ஹார்ன் கத்தினால் உடனே மூக்கைத் தாழ்த்துங்கள்.

டச் அண்ட் கோ, அதாவது தரையைத் தொட்டதும் நிற்காமல் மீண்டும் புறப்படுவது, செய்யும்போது, தரையிறங்க வைத்த ட்ரிம் (மூக்கின் நிலையைப் பிடித்து வைக்கும் அமைப்பு) அப்படியே இருந்துவிடும். முழு த்ராட்டில் (இன்ஜின் விசை) கொடுத்ததும் மூக்கு தானாக எகிறும். இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடலான ஃபிளாப்பும் அப்படித்தான்: லீவரைத் தொட்டால் போதாது, இறக்கையையே திரும்பிப் பாருங்கள். 2008இல் மாட்ரிட்டில் ஸ்பான்ஏர் நிறுவனத்தின் எம்டி-82 பயணிகள் விமானம் ஃபிளாப் இறக்காமலேயே புறப்பட்டது. எச்சரிக்கை ஒலியும் வரவில்லை. 154 பேர் இறந்தார்கள்.

எல்லாவற்றிலும் கொடியது, இன்ஜின் நின்றதும் ஓடுபாதைக்கே திரும்ப முயல்வது. 180 டிகிரி திரும்பினால் ஓடுபாதைக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்போம். அதன் நேர்கோட்டைப் பிடிக்க இன்னும் திரும்ப வேண்டும். உயரம் கரையக் கரைய, கை தன்னாலேயே சாய்வைக் கூட்டி யோக்கை (விமானத்தின் கைப்பிடி) இழுக்கும். நேராகப் பறக்கையில் 48 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் இழக்காமல் 45 டிகிரி சாய்வில் திரும்பினால் 57 நாட்டிலும், 60 டிகிரியில் 68 நாட்டிலும் ஸ்டால் ஆகும். 68 நாட் என்பது இன்ஜின் இல்லாமல் மிதந்து இறங்க வேண்டிய வேகமே! அந்த நேரத்தில் சீக்கிரம் திரும்பட்டும் என்று ரடரை (வால் சுக்கானின் மிதி) மிதித்தால், உட்புற இறக்கை முதலில் ஸ்டால் ஆகி விமானம் சுழன்று விழும்.

ஆகவே முதல் வேலை மூக்கைத் தாழ்த்தி 68 நாட் பிடிப்பது. பிறகு முன்கண்ணாடியில் தெரியும் இடத்துக்குள், இருபுறமும் 30 டிகிரி அளவில், இறங்க இடம் தேடுங்கள். கிளானா ஜெயா, ஆரா டமன்சாரா வீடுகள் நெருக்கமாக இருப்பதால், எந்தப் பக்கம் திரும்புவது என்பதைப் புறப்படுமுன்பே வாய்விட்டுச் சொல்லி முடிவு செய்யுங்கள்.

சுபாங் ஓடுபாதையின் நீளம் 3,780 மீட்டர். அதன் தொடக்கத்திலிருந்தே புறப்பட்டால், 300 அடியில் இன்ஜின் நின்றாலும் முன்னால் இறங்கி நிற்க ஓடுபாதை மிச்சமிருக்கும். நேரத்தை மிச்சம் பிடிக்க நடுவிலிருந்து புறப்பட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். டவரிடம் முழு நீளம் கேளுங்கள்.