'வால்-ஈ': மறுமுறை காதிலிருந்து தொடங்குங்கள்

பிக்சார் நிறுவனத்தின் 'வால்-ஈ' 2008 இல் வெளிவந்த அனிமேஷன் படம். மனிதர் கைவிட்டுச் சென்ற பூமியில் தனியாகக் குப்பையை அமுக்கிக் கட்டி கட்டியாக அடுக்கிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன ரோபோவை முதன்முறை பார்க்கும்போது நம் கவனம் முழுவதையும் கண்ணே எடுத்துக்கொள்கிறது. மறுமுறை பார்ப்பவர் காதுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். படத்தின் முதல் 40 நிமிடங்களில் பேச்சு இல்லையென்றே சொல்லலாம். அங்கே கதையைக் கொண்டுசெல்வதில் பாதிப் பங்கு ஒலியுடையது.

ஆகவே முதல் வேலை அறையை அமைதிப்படுத்துவது. மட்டக்களப்பில் இது எளிதன்று. சித்திரை, வைகாசியில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது, அதன் இரைச்சலோ மெல்லிய ஒலிகளை விழுங்கிவிடும். மார்கழியில் தகரக் கூரையில் மழை அடித்தால் எதுவுமே கேட்காது. மாரி ஓய்ந்த தை, மாசி இரவுகளில் விசிறியை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். நுளம்பு நுழையாதபடி பொழுதுபடுமுன்னரே யன்னல்களைச் சாத்திவிடுங்கள். கரண்ட் போனாலும் தடைப்படாமலிருக்க, படத்தை முன்கூட்டியே மடிக்கணினியில் தரவிறக்கி, அதை முழுதாகச் சார்ஜ் செய்து வைப்பது நல்லது.

மெல்லிய தொலைக்காட்சிகள் பலவற்றில் ஒலிபெருக்கி கீழ்நோக்கியோ பின்சுவரை நோக்கியோ இருக்கும். சிறிய ஸ்பீக்கர் ஒன்றைக் காதின் உயரத்தில் முன்னால் வைத்தால் வித்தியாசம் உடனே புரியும். படத்தின் அகலத்தால் திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும்; அதை நிரப்புவதற்காகப் படத்தை இழுக்காதீர்கள், ஓரங்கள் வெட்டுப்படும். தொலைக்காட்சியில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் அமிழ்த்தி மறுநுனியைக் காதோடு வைத்துப் பாடும் மீனைக் கேட்கும் ஊர் எங்களுடையது. முதலில் வாவியின் சலசலப்புத்தான் கேட்கும். பொறுத்திருந்தால்தான் அதற்குள்ளிருந்து அந்த ஓசை பிரிந்து வரும். இந்தப் படத்தையும் அதே பொறுமையோடு கேட்க வேண்டும். ஒலிகளை உருவாக்கிய பென் பேர்ட், 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஆர்2-டி2 ரோபோவுக்கு ஒலி கொடுத்தவர். வால்-ஈயின் குரலும் அவருடையதே. வால்-ஈ உருண்டு போகும்போது வரும் 'கிர்ர்' என்ற ஓசைக்குக் கையால் சுழற்றும் பழைய மின்பிறப்பாக்கி ஒன்றைப் பயன்படுத்தினார். அது தெரிந்தபின் சக்கரத்தின் வேகம் கூடிக் குறைவதிலேயே அதன் பயமும் ஆசையும் கேட்கும். சூரிய ஒளியில் சார்ஜ் ஏறி முடிந்ததும் எழும் மணியோசை, ஆப்பிள் மாக் கணினி தொடங்கும்போது கேட்கும் அதே ஓசை.

ஆங்கிலம் தெரியாத பெரியவர்களையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வைர மோதிரத்தை எறிந்துவிட்டு, திறந்து மூடும் பெட்டியை மட்டும் வால்-ஈ வைத்துக்கொள்ளும் காட்சியில் என் அம்மம்மா, "இவனும் என்னப் போலதான், பெட்டிய எறியமாட்டான்" என்றார். பிஸ்கட் தகரத்தில் நூலும் ஊசியும் சேர்த்து வைத்திருப்பவர் அவர். கரண்டியும் முள்ளும் ஒன்றான ஒரு பொருளை வால்-ஈ எந்தக் குவளையில் போடுவதென்று தெரியாமல் தயங்கி, இரண்டுக்கும் நடுவில் வைக்கிறதே, அந்த இடத்தில் நிறுத்தி ஒருமுறை திரும்பப் பாருங்கள். ஒரு சொல் இல்லாமல் ஒரு குணம் முழுவதும் அங்கே தெரிகிறது.

ஒளியைக் கவனிக்க இன்னொரு இரவை ஒதுக்கலாம். ஒளிப்பதிவாளர் றொஜர் டீக்கின்ஸ் இப்படக் குழுவுக்கு ஆலோசனை வழங்கியவர். முன்னால் உள்ளது தெளிவாகவும் பின்னணி மங்கியும் தெரிவது உண்மையான கமராவில் எடுத்தது போலிருக்கும். பூமியை விட்டுப்போன மனிதர் வாழும் விண்கப்பலின் தலைவர்களுடைய படங்கள் வரிசையாக வரும் இடத்திலும் நிறுத்துங்கள்: தலைமுறைக்குத் தலைமுறை உடல் பெருக்கிறது, பின்னாலுள்ள தானியங்கிச் சுக்கானோ நெருங்கி நெருங்கி வருகிறது.

பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிடாதீர்கள். மனிதரும் ரோபோக்களும் பூமியை மீண்டும் பண்படுத்தும் கதை, குகை ஓவியத்தில் தொடங்கி வான் கோவின் பாணி வரை சித்திரங்களாக அங்கே தொடர்கிறது. இணையச் சேவைகள் சில அந்த நேரத்தில் படத்தை மூலைக்குச் சுருக்கி அடுத்ததைத் தொடங்கிவிடும். அதற்காக ரிமோட்டைக் கையிலேயே வைத்திருங்கள்.