போர்க்களத்து மண்ணில் மெட்டல் டிடெக்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1987ஆம் ஆண்டு கோடையில் ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நகருக்கு வடக்கே, கால்க்ரீசே என்ற சிற்றூரை ஒட்டிய நிலங்களில் டோனி கிளன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி மெட்டல் டிடெக்டருடன் நடந்துகொண்டிருந்தார். முதலில் அகப்பட்டவை ரோமானிய வெள்ளிக் காசுகள், நூற்றுக்கும் மேல். காசு மட்டும் என்றால் யாரோ ஒரு வணிகன் புதைத்துவிட்டுப் போனது என்று முடித்துவிடலாம். அடுத்த ஆண்டு அதே வட்டாரத்தில், வாதுமைக் கொட்டை வடிவில் மூன்று ஈயக் குண்டுகள் கிடைத்தன. கவணில் வைத்து எறியும் குண்டுகள். வணிகன் மடியில் கவண் குண்டுக்கு வேலை இல்லை. கி.பி. 9ஆம் ஆண்டில் வாருஸ் என்ற தளபதியும் மூன்று ரோமானிய லெஜியன் படைகளும் அழிந்த களம் எங்கே என்று அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். இதுதான் அந்தக் களத்தின் ஒரு பகுதி என்று இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள்.

கிளன் தேடத் தொடங்கும் முன்பே அந்த வட்டாரத்தின் தொல்லியல் அறிஞரைப் பார்த்து அனுமதி பெற்றார், எங்கே தேடலாம் என்றும் கேட்டுக்கொண்டார். கிடைத்தவற்றை இடம் குறித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாறாக, அந்த மூன்று குண்டுகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பியிருந்தால் இன்று அவை மூன்று ஈயத் துண்டுகள், அவ்வளவுதான்.

இந்தத் துறையில் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஓரிடத்திலிருந்தே கிளைக்கின்றன: பொருளைப் பார்க்கிறோம், அது கிடந்த இடத்தைப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயர் பக்கம் வார இறுதிகளில் வயல்களில் நடப்பவன் நான். முதல் ஆண்டில் ஒரே பண்ணையில், மஸ்கட் என்ற பழைய நீளக் குழல் துப்பாக்கியின் ஈயக் குண்டுகள் ஏழு கிடைத்தன. ஏழையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். அவை அருகருகே கிடந்தனவா, வேலியை ஒட்டி வரிசையாகக் கிடந்தனவா, எது எந்த மூலையில் கிடைத்தது என்று இப்போது யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்த டப்பா இன்னும் என் மேசையில் இருக்கிறது.

ஒரு மஸ்கட் குண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மண்ணில் சில நூற்றாண்டுகள் கிடந்த ஈயத்தின் மேல் சாம்பல் கலந்த வெள்ளைப் பூச்சு படிந்திருக்கும். உருண்டையின் நடுவே மெல்லிய கோடு ஓடினால், அது இரண்டு பாதி அச்சுகள் சேர்ந்த தையல். அந்தத் தையல் அப்படியே இருந்து, உருண்டையும் நசுங்காமல் இருந்தால் பெரும்பாலும் சுடாத குண்டு. வீரன் ஒருவன் பதற்றத்தில் தவறவிட்டதாக இருக்கலாம். சுற்றிலும் பட்டை போல ஒரு தேய்மானம் இருந்தால் அது குழலை உரசிக்கொண்டு பாய்ந்த குண்டு. ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் எதிலோ மோதியிருக்கிறது. சுடாத குண்டுகள் கிடக்கும் இடம் சுட்டவர்கள் நின்ற இடம் என்றும், சுட்ட குண்டுகள் கிடக்கும் இடம் அவர்கள் குறிவைத்த பக்கம் என்றும் ஓரளவு ஊகிக்கலாம். இடக்குறிப்பு இல்லாமல் இதில் எதையும் சொல்ல முடியாது. நடுகல்லைப் பெயர்த்துக்கொண்டு போய் வரவேற்பறையில் வைத்தவனுக்குக் கல் மிஞ்சும், வீரன் விழுந்த இடம் மிஞ்சாது.

பாஸ்வொர்த் போரை எடுத்துக்கொள்ளுங்கள். 1485இல் மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் மாண்ட போர் அது. ஆம்பியன் குன்றில்தான் நடந்தது என்று நம்பி அங்கே பார்வையாளர் மையமே கட்டிவிட்டார்கள். 2005 முதல் 2009 வரை மெட்டல் டிடெக்டர்களைக் கொண்டு வரிசை வரிசையாக நடந்து தேடியபோது, 30க்கும் மேற்பட்ட ஈயக் குண்டுகளும், ரிச்சர்டின் சின்னமான காட்டுப்பன்றி உருவம் பொறித்த பொன்முலாம் பூசிய ஒரு சிறிய வெள்ளி வில்லையும் கிடைத்தன. அவை கிடந்த இடம் குன்றிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தள்ளி. அமெரிக்கப் படையும் அந்நாட்டுப் பழங்குடியினரும் மோதிய லிட்டில் பிக்ஹார்ன் களத்தில் 1983இல் புல்வெளி தீப்பிடித்து எரிந்து மண் தெரிந்த பிறகு செய்த ஆய்வு இதைவிட நுட்பமானது. தோட்டாக் கூடுகளில் பதிந்திருந்த, தோட்டாவை வெடிக்கவைக்கும் துப்பாக்கி ஊசியின் தடத்தை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று கண்டறிந்தார்கள். ஒரு பொருள் கிடைத்தவுடன் பிடுங்காமல் கொடி நட்டுவிட்டு நகர்ந்தார்கள். அளந்து குறித்த பிறகே தோண்டினார்கள்.

நம்மைப் போன்றவர்கள் செய்யக்கூடியது எளிது. பொருள் ஒன்றுக்கு ஒரு பை, பைக்கு ஓர் எண், எண்ணுக்கு நேரே ஜிபிஎஸ் குறிப்பும் ஆழமும் தேதியும். சம இடைவெளியில் நேர்க்கோடாக நடக்க வேண்டும். எதுவும் கிடைக்காத கோடுகளையும் குறித்து வைக்க வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. தேடியும் இல்லாத இடமும் தேடாத இடமும் வரைபடத்தில் ஒன்றாகத் தெரிந்தால், பின்னால் வருபவர் ஏமாந்துபோவார்.

இரும்பை ஒதுக்குவது இன்னொரு தவறு. இரும்பு ஒலியை அடக்கும் வசதி பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது, ஆணிகளுக்குப் பயந்து எல்லோரும் அதைப் போட்டுவிடுகிறார்கள். காசு தேடுபவருக்கு அது சரி. போர் என்பது பெரும்பாலும் இரும்பு: அம்பு முனை, ஈட்டி முனை, லாடம், செருப்பாணி. ஜெர்மனியின் ஹார்ட்ஸ்ஹார்ன் மலைச்சரிவில் 2000ஆம் ஆண்டு அனுமதியின்றித் தேடியவர்களுக்கு ஓர் இரும்புப் பொருள் கிடைத்தது. பழைய மெழுகுவர்த்தித் தாங்கி என்று நினைத்து வைத்திருந்தார்கள். 2008இல்தான் அது ரோமானியர் குதிரைக் குளம்பில் கட்டிய இரும்புச் செருப்பு என்று தெரிந்து தொல்லியல் துறைக்குச் சென்றது. அங்கே கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ரோமானியப் படை போரிட்ட களம் வெளிப்பட்டது. அவ்வளவு வடக்கே அந்தக் காலத்தில் ரோமானியப் படை போயிருக்கும் என்று அதற்கு முன் நம்பியவர்கள் குறைவு. படை நடந்த வழியைக் காட்டியவற்றுள் வீரர்களின் செருப்பிலிருந்து உதிர்ந்த சின்னஞ்சிறு ஆணிகளும் உண்டு.

அதே களத்தில் கிடைத்த ஓர் இரும்புக் கோடரியில் நான்காம் லெஜியனின் பெயர்ச்சுருக்கம் குத்தப்பட்டிருந்தது. துருவுக்கு அடியில் இருந்த அந்த எழுத்துகளை ஆய்வுக்கூடத்தில்தான் படிக்க முடிந்தது. அந்தக் கோடரியைக் கம்பித் தூரிகையால் தேய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆகவே வினிகரில் ஊறவைப்பது, எலுமிச்சையால் தேய்ப்பது, மெருகேற்றுவது எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். மரப்பிடியின் இழையும் உறையின் தோலும் சில வேளை துருவோடு துருவாகப் படிந்து தம் வடிவத்தை விட்டுச் சென்றிருக்கும். ஈயத்தை ஓக் மரப் பெட்டியில் வைத்தால் அந்த மரத்திலிருந்து வரும் அமில ஆவியே அதை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். வெண்கலத்தில் வெளிர்பச்சையாகப் பொடி உதிரத் தொடங்கினால் அது சாதாரணக் களிம்பு இல்லை. ஈரப்பதம் படாமல் வைத்து உடனே வல்லுநரிடம் காட்ட வேண்டும்.

உழவு மண்ணுக்குக் கீழே போகாதீர்கள். உழவில் புரண்ட மண்ணில் கிடப்பது ஏற்கெனவே இடம் பெயர்ந்தது. அதற்குக் கீழே கிடப்பது வைத்த இடத்திலேயே இருக்கலாம். லெஸ்டர்ஷயரின் ஹாலட்டன் அருகே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காசுகளைக் கண்டதும் தகவல் சொன்னார். பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் வந்து தோண்டினார்கள். இரும்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்திய ரோமானியக் குதிரைவீரர் தலைக்கவசம் ஒன்றை மண்கட்டியோடு சேர்த்து, பாரிஸ் சாந்து பூசித் தூக்கினார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் பொறுமையாகப் பிரித்து இணைத்து 2012இல் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். 2010இல் கும்பிரியாவின் கிராஸ்பி கேரட்டில் கிடைத்த இன்னொரு தலைக்கவசம் இதைவிட அழகானது. 67 துண்டுகளாக இருந்த அதை, அறிவியல் முறையில் முழுமையாக ஆராயும் முன்பே ஏலத்துக்காக ஒட்டிச் சீராக்கிவிட்டார்கள். சுமார் 23 லட்சம் பவுண்டுக்குத் தனியார் ஒருவர் வாங்கினார். அந்த ஒட்டுவேலையில் அழிந்த தடயங்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அந்தக் கவசம் வெண்கல வகை உலோகத்தில் ஆன தனிப்பொருள் என்பதால் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் வரையறைக்குள் வரவில்லை. அந்த ஓட்டையை அடைக்க 2023இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 200 ஆண்டுக்கு மேற்பட்ட, தனிச்சிறப்பு வாய்ந்த உலோகப் பொருளும் புதையலாகலாம். புதையல் என்று தோன்றினால் 14 நாளில் தெரிவிக்க வேண்டும். நில உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பாதுகாக்கப்பட்ட தொன்மைச் சின்னங்கள் உள்ள இடங்களில் அனுமதியின்றிக் கருவியைக் கொண்டு தேடுவதே குற்றம், விழுந்து நொறுங்கிய போர் விமானங்களைத் தொடத் தனி உரிமம் வேண்டும். பிரான்ஸில் முன் அனுமதி இல்லாமல் பழம்பொருள் தேடவே கூடாது. இந்தியாவில் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். பழைய கோட்டைகளுக்குக் கருவியோடு போகலாமா என்று கேட்டு எழுதும் தம்பிகளுக்கு என் பதில் ஒன்றுதான்: போகாதீர்கள். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் கண்ணிவெடி அகற்றும் பணியே இன்னும் முடியவில்லை.

வெடிப்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் விவாதத்துக்கு இடமில்லை. பெல்ஜியத்தின் ஈப்பர் பகுதியில் முதல் உலகப் போர்க் குண்டுகள் இன்றும் உழவில் மேலே வருகின்றன. 2014இல் அங்கே கட்டுமானப் பணியில் இருந்த இருவர் அப்படி ஒரு குண்டு வெடித்து இறந்தார்கள். துருப்பிடித்தது செத்துப்போனது என்று பொருள் இல்லை. சிலவற்றுக்குள் நச்சு வாயு இருக்கிறது. பெரிய, வலுவான ஒலி கேட்டு, வளைந்த இரும்புப் பரப்பு தெரிந்தால் கையை எடுங்கள், விலகுங்கள், காவல் துறையை அழையுங்கள். தட்டிப் பார்ப்பது, புரட்டிப் படம் எடுப்பது எதுவும் வேண்டாம்.

கடைசியாக, எலும்பு. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினர் 1916 முதல் அணிந்த அடையாள வில்லைகள் உலோகம் அல்ல, அழுத்திய நார். மண்ணில் அவை மக்கிப்போயின. ஆகவே ஒரு வீரர் யார் என்று சொல்ல மிஞ்சுவது தோளில் அணிந்த பித்தளை எழுத்துகள், பொத்தான்கள், படை எண் கீறிய கரண்டி போன்ற சிறு உலோகங்கள்தான். நம் கருவி முதலில் காட்டிக்கொடுப்பதும் அவற்றைத்தான். அந்தப் பித்தளையை ஒருவர் எடுத்துப் போய்விட்டால், பின்னால் எலும்பு கிடைத்தாலும் அவருக்குப் பெயர் கிடைக்காது. பிரான்ஸின் நியூவ் ஷாப்பெல் நினைவிடத்தில், கல்லறை தெரியாத இந்தியப் படையினர், தொழிலாளர்கள் 4,700க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு பீட்ரூட் வயலில் இன்னும் கிடக்கலாம். எலும்பைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு பொத்தானைக்கூட எடுக்காமல் மேலே மண்ணை மெல்ல இட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு காவல் துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை அருகில் இருங்கள், கருவியை அணைத்துவிடுங்கள்.