கோடை விடுமுறையில் வாசிப்பு: பெரியவர்களாகிய நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது, பெரும்பாலான பள்ளிகளில் நூலகப் பொறுப்பாசிரியர் செய்யும் முதல் வேலை, மாணவர்களின் கையில் இருக்கும் புத்தகங்களைத் திரும்பப் பெறுவதுதான். இருப்புப் பதிவேட்டோடு எண்ணிக்கை ஒப்பிடப்படும். புத்தகங்கள் பீரோவுக்குள் போகும். சாவி தலைமையாசிரியர் அறைக்குப் போகும். ஜூனில் பள்ளி திறந்து, புதிய சேர்க்கையும் பாடநூல் வழங்கலும் முடிந்து, அந்தப் பீரோ மீண்டும் திறக்கப்படுவதற்குள் ஜூலையும் வந்துவிடுகிறது. வீட்டுப்பாடமும் தேர்வும் இல்லாத, ஆண்டிலேயே பிள்ளைகளுக்கு நேரம் மிகுந்த வாரங்களில் புத்தகங்கள் இருட்டில் கிடக்கின்றன. விடுமுறையில் பிள்ளைகள் எதையும் வாசிப்பதில்லை என்று வருந்துகிற நாம் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பூட்டைத்தான்.

நானும் ஒரு நடுநிலைப் பள்ளியில் அந்தச் சாவியை வைத்திருந்தவன். காணாமற்போன ஒவ்வொரு நூலுக்கும் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல நேரும் என்ற அச்சம் எனக்கும் இருந்தது. அது காரணமற்ற அச்சம் என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் சீர்காழியில் 1892இல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன், 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதல் விதியாக வைத்தது ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்பதாகும். முற்கால ஐரோப்பிய நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த வழக்கத்தைச் சுட்டிக்காட்டித்தான் அவர் அந்த விதியை விளக்கத் தொடங்குகிறார். அதே 1931ஆம் ஆண்டில் மன்னார்குடி வட்டாரத்துச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சென்ற நடமாடும் நூலகமும் தொடங்கியது. நூலைத் தேடி வாசகர் வர இயலாவிட்டால், வாசகரைத் தேடி நூல் போக வேண்டும் என்று 90 ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிய மண்ணில், கோடை வந்தால் நூல்களைப் பூட்டுவது மிகப் பெரிய தவறு.

இதைச் சரிசெய்யப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. கடைசி வேலை நாளுக்கு ஒரு வாரம் முன்பு புத்தகங்களையெல்லாம் வகுப்பறைத் தரையில் பரப்பிவைத்து, ஒவ்வொரு மாணவரும் நான்கு நூல்களை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, பெயரையும் நூலின் எண்ணையும் ஒரு தனி நோட்டில் எழுதிக்கொண்டால் போதும். ஒரே தெருவில் இருக்கும் பிள்ளைகள் வெவ்வேறு நூல்களை எடுக்கும்படி பார்த்துக்கொண்டால், நான்கு பேரிடம் 16 நூல்கள் சுற்றிவரும். சில நூல்கள் கிழியும், ஓரிரண்டு தொலையும். தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் இதை முன்கூட்டியே பேசி ஒப்புதல் பெற்றுவிட்டால், அந்த இழப்பு ஒரு தனி ஆசிரியரின் தலையில் விழாது.

அடுத்த தவறு, எதை வாசிக்க வேண்டும் என்பதைப் பிள்ளைக்குப் பதிலாக நாமே தீர்மானிப்பது. ஒன்பதாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு மே மாதமே பத்தாம் வகுப்புப் பாடநூலை வாங்கிக் கொடுத்து, அதையே விடுமுறை வாசிப்பு என்று நம்பும் பெற்றோர் பலர். இன்னும் சிலர் தாங்கள் சிறுவயதில் மகிழ்ந்து படித்த கதைகளையே பிள்ளையும் விரும்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அல்லது ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு நீதி அச்சிடப்பட்ட நூல்களையே தேடி வாங்குகிறார்கள். படக்கதையைக் கையில் எடுத்தால், ‘இது ஒரு புத்தகமா?’ என்று பிடுங்கி வைக்கிறார்கள். இரும்புக்கை மாயாவியின் சாகசங்களுக்காக அடுத்த இதழ் எப்போது வரும் என்று காத்திருந்து படித்த ஒரு தலைமுறை, தன் பிள்ளைகளிடமிருந்து படக்கதையைப் பறிப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கட்டங்களுக்குள் இருக்கும் உரையாடலை வரிசை பிசகாமல் தொடர்வதும், படம் சொல்வதையும் எழுத்து சொல்வதையும் சேர்த்துப் பொருள் கொள்வதும் வாசிப்பேயன்றி வேறல்ல.

பிள்ளையின் தேர்வுக்கு மதிப்பளிப்பது செல்லம் கொடுப்பதாகாது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ரிச்சர்ட் ஆலிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்சனும் பிற ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து மூன்று கோடை விடுமுறைகளில், அவர்களே தேர்ந்தெடுத்த நூல்கள் சொந்தமாகக் கொடுக்கப்பட்டன. நூல்களைப் பெறாத பிள்ளைகளைவிட அவர்களுடைய வாசிப்புத் திறன் மேம்பட்டிருந்தது. வீட்டில் நூல் இருப்பதும், அதைத் தானே தேர்ந்தெடுத்தோம் என்ற எண்ணமும் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். தேர்வு செய்யும் உரிமையில் பாதியில் நிறுத்திவிடும் உரிமையும் அடங்கும். பத்துப் பக்கம் படித்தும் பிடிக்காத நூலை முடித்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தினால், அடுத்த நூலைத் தொடவே பிள்ளை தயங்கும்.

இங்கு ஒரு கூட்டத்தாரைத் தனியே சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளைகள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார்கள். ‘கெ’, ‘கே’, ‘கை’ என்று கொம்புகள் மாறும் இடத்திலும், ‘கொ’வுக்கும் ‘கௌ’வுக்கும் இடையிலும் தடுமாறும் அந்தப் பிள்ளையின் கையில், வயதுக்கு ஏற்றது என்று சொல்லி 80 பக்க நூலைக் கொடுத்தால், விடுமுறை முழுவதும் அது பைக்குள்ளேயே இருக்கும். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்துக்காக உருவாக்கப்பட்ட சிறு நூல்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதன் நோக்கமே, வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் வாசிப்பு நிலையைப் பார்ப்பதுதான். பக்கத்துக்கு இரண்டு வரியும் பெரிய படமும் உள்ள நூலை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை மற்றவர்கள் முன்னிலையில், ‘உனக்கு இதுதான் சரி’ என்று சொல்லிக் கொடுத்தால் அந்தப் பிள்ளை அதைத் திறக்காது. ‘உன் தங்கைக்கு இதை வாசித்துக் காட்டு’ என்று சொல்லிக் கொடுங்கள். பிள்ளை பெருமையோடு எடுத்துச் செல்லும், பத்து முறையும் வாசிக்கும்.

வாசிக்கும் பிள்ளையை ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்தித் திருத்துவதும் இதனோடு சேர்ந்த தவறு. ழகர, லகர, ளகர உச்சரிப்பில் நமக்கு அக்கறை இருப்பது நல்லதுதான். ஆனால் மூன்று சொல்லுக்கு ஒரு முறை குறுக்கிட்டால் கதையின் இழை அறுந்துவிடும். பொருள் மாறும்படி தவறாகப் படித்தால் மட்டும் வாக்கியம் முடிந்தபின் நாம் ஒருமுறை சரியாகச் சொல்லிக் காட்டலாம். மற்றதைப் பழக்கம் பார்த்துக்கொள்ளும்.

பிள்ளைக்குப் படிக்கத் தெரிந்துவிட்டது என்று வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுவது, பரவலாக இருந்தும் யாரும் தவறாகக் கருதாத ஒன்று. தமிழில் இதன் விளைவு கூடுதலாக இருக்கும் என்பது என் எண்ணம். நாம் வீட்டில் பேசும் தமிழும் நூலில் அச்சிடப்படும் தமிழும் வேறு வேறு. ‘வந்துட்டான்’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு ‘வந்துவிட்டான்’ என்பதே சற்றுப் புதிதுதான். ‘ஆயினும்’, ‘செல்கின்றனர்’ போன்றவை இன்னும் அந்நியமானவை. எழுத்துகளைக் கூட்டத் தெரிந்த பிள்ளைக்கும் வாக்கியம் புரியாமல் போவதற்கு இது ஒரு காரணம். நூலில் உள்ளபடியே, ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டி, தேவையான இடத்தில் பேச்சுத் தமிழில் விளக்கினால், அந்த எழுத்துத் தமிழ் காது வழியாகப் பழகிவிடும். சிலர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு முழுக் கதையையும் பேச்சுத் தமிழிலேயே சொல்லிவிடுகிறார்கள். கதை சொல்லுதல் மிகச் சிறந்த பழக்கம், ஆனால் அது வாசித்துக் காட்டுவதற்கு ஈடாகாது. இரண்டும் வேண்டும். ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கில நூல்களை மட்டுமே வாங்கித் தரும் வீடுகளில் இந்த இடைவெளி இன்னும் அகலமாகிறது. தமிழை ஒரு பாடமாக மட்டும் சந்திக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு, மதிப்பெண் கேட்காத தமிழ் நூலைச் சந்திக்க விடுமுறையே வாய்ப்பு.

பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே பிள்ளை வாசிக்க, பெரியவர்கள் கேட்கட்டும். பாட்டிக்கு நாளிதழையும் கதையையும் வாசித்துக் காட்டும் பிள்ளை, ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்கும் ஒருவருக்காக வாசிக்கிறது.

இனி, நல்லெண்ணத்தோடு நாம் செய்யும் ஒரு பிழை. விடுமுறைக்குப் பத்து நூல்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் கதைச்சுருக்கம் எழுதிவர வேண்டும் என்று ஓர் ஆண்டு நானே சொல்லியனுப்பினேன். ஜூனில் வந்த நோட்டுகளில் பெரும்பாலானவற்றில் நூலின் பின்னட்டை வாசகங்களே படியெடுக்கப்பட்டிருந்தன. சில நோட்டுகளில் ஒருவர் எழுதியதைப் பார்த்து மூவர் எழுதியிருந்தனர். நன்றாக வாசிக்கக்கூடிய ஒரு மாணவி, எழுத வேண்டுமே என்பதற்காகவே நூல்களைத் தொடவில்லை என்று சொன்னபோது, வாசிப்பை நானே வீட்டுப்பாடமாக மாற்றிவிட்டது புரிந்தது. படித்ததைப் பற்றி எழுத விரும்பும் பிள்ளை எழுதட்டும், வரைய விரும்பும் பிள்ளை வரையட்டும். மற்றவர்களிடம் உணவு நேரத்தில், ‘அந்தக் குரங்கு கடைசியில் தப்பித்ததா?’ என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டால் போதும்; அதற்கு நாமும் அந்த நூலைப் படித்திருக்க வேண்டும்.

புத்தகம் ஒன்றுக்கு இவ்வளவு பணம், ஐந்து படித்தால் ஐஸ்கிரீம் என்று பேரம் பேசுவதிலும் இதே ஆபத்து உண்டு. 1973இல் மார்க் லெப்பரும் இரு ஆய்வாளர்களும் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், ஓவியம் வரைவதில் இயல்பாகவே ஆர்வம் கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளுள் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் தரப்படும் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். சில நாள் கழித்துப் பரிசுப் பேச்சே இல்லாமல் வண்ணப் பேனாக்களை வைத்துப் பார்த்தபோது, அந்தப் பிரிவினர் மற்றவர்களைவிடக் குறைவான நேரமே வரைந்தனர். விரும்பிச் செய்ததைக் கூலிக்குச் செய்ததாக மனம் எண்ணத் தொடங்கினால், கூலி நின்றதும் விருப்பமும் குறைகிறது. பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இன்னொரு நூலைக் கொடுக்கலாம்.

வாசிப்பைத் தண்டனையாக்குவது இதன் மறுபக்கம். ‘செல்போனை வை, புத்தகத்தை எடு’ என்ற அதட்டலில், பிள்ளைக்குப் பிடித்ததைப் பறித்த குற்றவாளியாகப் புத்தகம் நிற்கிறது. நாமே கைப்பேசியைக் கீழே வைக்காத வீட்டில் அந்த அதட்டல் பலிப்பதும் இல்லை. அருகில் நூலகம் இல்லாத ஊர்களில், பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்க் கதைகளை அதே கைப்பேசியில் பிள்ளையோடு சேர்ந்து வாசிக்கலாம்.

நேரம் குறிப்பதிலும் கவனம் வேண்டும். மாலை நான்கு மணிக்குத் தெருவில் விளையாட்டு தொடங்கும்போது பிள்ளையை உள்ளே உட்கார வைத்தால் கண் எழுத்திலும் காது தெருவிலும் இருக்கும். கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதப் பிற்பகலில் யாரும் வெளியே போக முடியாது. அந்த இரண்டு மணி நேரமே வாசிப்புக்கு இயல்பான நேரம். பெண் பிள்ளைகளுக்கு அந்த நேரமும் கிடைக்கிறதா என்று நாம் பார்க்க வேண்டும். பாத்திரம் துலக்குவதும் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் அவளுக்கு, ஓய்வு அண்ணனுக்கு என்றிருக்கும் வீட்டில், அவளிடம் புத்தகத்தைக் கொடுப்பதோடு நம் பொறுப்பு முடிந்துவிடாது.

பொது நூலகத்தைப் பற்றிய தவறான எண்ணங்களும் பல. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் நாளிதழ் பார்க்கும் பெரியவர்களும் மட்டுமே போகும் இடம் அது என்று நினைக்கிறோம். 1948ஆம் ஆண்டிலேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வது நல்லது. ஆனால் விடுமுறையில் ஒரு நாள் சுற்றுலாபோலப் போய், படம் எடுத்துக்கொண்டு திரும்புவதால் பழக்கம் உண்டாகாது. நடந்து போகும் தொலைவில் இருக்கும் கிளை நூலகத்தில் பிள்ளையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை எடுத்து, வாரம் ஒருமுறை நூல் மாற்றி வருவதே பயன் தரும். கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வேறு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய பிள்ளையை மறுமுறை அழைத்துச் செல்வது கடினம்.

பள்ளி திறந்ததும் எத்தனை நூல் படித்தாய் என்று எண்ணிக்கை கேட்டுக் கைதூக்கச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். நான்கு படித்தவர் நிமிர்வதும் ஒன்றைத் திரும்பத் திரும்பப் படித்தவர் குனிவதும்தான் அதில் நடக்கும். அதற்குப் பதிலாக, தான் கொண்டுவந்த நூல் இந்த வகுப்பில் யாருக்குப் பிடிக்கும் என்று யோசித்து, அவரிடமே அதைக் கொடுக்கச் சொல்கிறேன். பீரோவைப் பூட்டாமல் விட்ட முதல் ஆண்டில் நான்கு நூல்கள் திரும்பி வரவில்லை. அவற்றுள் ஒன்று பாட்டி ஊரில் இருப்பதாகவும், அங்கே தன் மாமா மகள் இன்னும் அதை முடிக்கவில்லை என்பதால் விட்டுவிட்டு வந்ததாகவும் ஒரு மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள். நோட்டில் அந்த நூலின் எண்ணுக்கு எதிரே ‘வாசிப்பில் உள்ளது’ என்று எழுதிக்கொண்டேன்.