பழைய சாட்டர்ன் 5 கிட்டைக் கட்டுவதும் திருத்துவதும்

அப்போலோ வீரர்களை நிலவுக்குக் கொண்டுசென்ற சாட்டர்ன் 5 ராக்கெட்டைப் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி மாதிரியாகக் கட்டும் கிட் இது. பெட்டியைத் திறந்ததும் பசையை எடுக்காதீர்கள். எந்தப் பயணத்தின் ராக்கெட்டைக் கட்டப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள், மற்ற எல்லாமே அதைப் பொறுத்துத்தான் வரும். சாட்டர்ன் 5 பறந்தது 1967 நவம்பரில் அப்போலோ 4 முதல் 1973 மே மாதம் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தை ஏவியது வரை மொத்தம் 13 முறை, ஒவ்வொரு முறையும் சின்னச் சின்ன மாற்றங்கள் இருந்தன. ஸ்கைலேபில் மேல் பகுதியே வேறு, உச்சியில் வீரர்கள் தப்பிக்கும் கோபுரம் கிடையாது. பெரும்பாலானவர்கள் அப்போலோ 11-ஐத்தான் கட்டுகிறார்கள், படங்கள் நிறையக் கிடைப்பதால் அது நல்ல தேர்வும்கூட.

அடுத்தது, பெட்டிப் படத்தையும் வழிகாட்டித் தாளின் வண்ணக் குறிப்பையும் அப்படியே நம்பக் கூடாது. அறுபதுகளின் கடைசியில் வந்த கிட்கள் பலவும், ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/144 (அசலில் 144-ல் ஒரு பங்கு அளவு), ரெவெல் நிறுவனத்தின் 1/96 போன்றவை, 500எஃப் என்ற ராக்கெட்டைப் பார்த்து வரையப்பட்டவை. 500எஃப் பறப்பதற்காகச் செய்யப்பட்டதில்லை. ஏவுதளத்தையும் கட்டும் கூடத்தையும் சோதித்துப் பார்க்க 1966-ல் கொண்டுவந்து நிறுத்திய மாதிரி அது. ராக்கெட்டின் அடிப்பகுதியான முதல் கட்டத்தில் திரவ ஆக்சிஜன் தொட்டிக்கும் எரிபொருள் தொட்டிக்கும் நடுவே வரும் வரிவரியான பகுதி 500எஃபில் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். வெயிலில் கறுப்புப் பட்டை உள்ளே சூட்டை ஏற்றுகிறது என்று தெரிந்ததும், பறந்த ராக்கெட்டுகளில் அந்தப் பகுதியை முழு வெள்ளையாக்கிவிட்டார்கள். பெயிண்ட் மட்டும் மாறுகிற இந்த ஒரு திருத்தம்தான் மொத்த மாதிரியிலேயே அதிகம் கண்ணில் படும், செலவும் இல்லை. ஆகவே நீங்கள் தேர்ந்த பயணத்தின் ஏவுதளப் படங்களை எதிரே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டும் முன் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள், அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. பழைய பிளாஸ்டிக் உடைய வாய்ப்பு அதிகம். அதனால் முறுக்கிப் பிடுங்காமல் பாகத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வெட்டி, மீதியைக் கத்தியால் சீவி உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். ஓரங்களில் இருக்கும் பிசிறையும் அப்போதே எடுத்துவிடலாம். பிறகு பசை போடாமல் மாஸ்கிங் டேப்பால் மட்டும் எல்லாவற்றையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். எங்கே இடைவெளி, எங்கே வளைவு என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

இந்த மாதிரியின் உயிர் உருளைகளில்தான் இருக்கிறது. உண்மையான முதல் கட்டத்தின் விட்டம் சுமார் 10.1 மீட்டர், 1/144 அளவில் கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர், மொத்த உயரம் 110.6 மீட்டர், அது இங்கே 77 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். இவ்வளவு நீளத்தில் ஒரு கட்டம் அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும் உச்சிக்குப் போகும்போது கோணல் நன்றாகத் தெரியும். இரண்டு அரைக் குழாய்களை ஒட்டித்தான் உருளை வரும், பல வருடம் பெட்டிக்குள் கிடந்த அரைக் குழாய்கள் சற்று விரிந்தோ குறுகியோ போயிருக்கும். இதற்கு நல்ல தீர்வு, உள் விட்டத்துக்குச் சரியாக 1.5 அல்லது 2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் வட்டங்கள் வெட்டி, மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒன்றோ இரண்டோ உள்ளே ஒட்டிவிடுவது. வட்டம் உருளையை வட்டமாகவே பிடித்துக்கொள்ளும். அதே வட்டங்களின் மையத்தில் துளை போட்டு வைத்தால், அடியிலிருந்து ஓர் உலோகக் கம்பியை மேலே செலுத்திப் பலகையில் நிறுத்தலாம். இன்ஜின்களின் நுனியில் மாதிரியின் எடை உட்காரவே கூடாது. எனவே இந்தத் துளையை ஒட்டுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள், பிறகு கை உள்ளே போகாது.

ஒட்ட, நீர்போல ஓடும் பிளாஸ்டிக் பசைதான் சரி. இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்துப் பிரஷால் இடுக்கைத் தொட்டால் பசை தானே உள்ளே ஓடும். லேசாக அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் மணிபோல் வெளியே பிதுங்கி வரும், அது வரட்டும், இடைவெளியை அதுவே அடைத்துவிடும். ஒரு நாளாவது விட்ட பிறகுதான் தேய்க்க வேண்டும். அறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஆவி நல்லதில்லை.

அப்புறம் தையலை, அதாவது இரண்டு பாதிகளும் சேர்ந்த கோட்டை, மறைக்கும் வேலை. மழமழப்பான பகுதிகளில் பட்டி வைத்து, 400, 600, 1000 என்று உப்புத்தாளைப் படிப்படியாக மாற்றித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போதும். வரிவரியான பகுதிகளில் மட்டும் பட்டியைத் தொடாதீர்கள், ஒருமுறை வரிகள் நிரம்பிவிட்டால் மீட்பது கஷ்டம். அங்கே வரிகளும் தையலும் ஒரே திசையில் மேலிருந்து கீழே ஓடுவதால், பிதுங்கிய பிளாஸ்டிக்கைக் கத்தி முனையால் வரியின் போக்கிலேயே சுரண்டுங்கள். ஒரு வரி முழுக்க அழிந்துபோனால், ஸ்ப்ரூவை (பாகங்களை வெட்டியபின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தை) மெழுகுவத்திச் சூட்டில் இளக்கி நூல்போல இழுத்து, அந்த இழையை அதே இடத்தில் ஒட்டிவிடலாம். இந்த இழைதான் உடலின் வெளியே ஓடும் மெல்லிய குழாய்களுக்கும் கைகொடுக்கும்.

முதல் கட்டத்தின் அடியில் வரும் நான்கு துடுப்புகளும் சரியாக 90 பாகையில் வர, ஒரு காகிதப் பட்டையை உருளையைச் சுற்றி எடுத்து, சுற்றளவு முடியும் இடத்தில் வெட்டி, இரண்டு முறை மடியுங்கள். மடிப்புக் கோடுகள்தான் துடுப்பு வரும் இடங்கள். பெயிண்ட் பட்டைகளுக்கும் இதே காகிதம் உதவும், பத்திரமாக வையுங்கள்.

இன்ஜின்களில்தான் பழைய கிட்கள் அதிகம் ஏமாற்றும். அருங்காட்சியகங்களில் இருக்கும், முதல் கட்டத்தின் எஃப்-1 இன்ஜின்களைப் பார்த்து, குழாய்களும் வளையங்களும் தெரிகிற மாதிரி செய்திருப்பார்கள். பறந்தபோது அவை வெப்பக் காப்பு உறையால் மூடப்பட்டு, கசங்கிய வெள்ளித் துணிபோல இருந்தன. மெல்லிய அலுமினியத் தாளைக் கையில் நன்றாகக் கசக்கி, பாதி விரித்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையால் நாசியின் (தீ வெளியேறும் மணி வடிவப் பகுதியின்) மேல் அழுத்தி ஒட்டுங்கள். காய்ந்ததும் நீர்த்த சாம்பல் நிறத்தை மடிப்புகளில் ஓட விட்டுத் துடைத்தால் அப்படியே வந்துவிடும். 1/144-ல் நாசியின் வாய் இரண்டரை சென்டிமீட்டர்தான், ஆனாலும் இந்த வேலைக்குப் பலன் உண்டு.

மேலே போனால், ஏவுதளத்தில் நிற்கும் ராக்கெட்டில் விண்வெளி வீரர்கள் இருக்கும் கூம்பு வெள்ளி நிறமாகத் தெரியாது. கிளம்பும்போது அதன் மேல் வெள்ளைக் காப்பு மூடி இருக்கும். எனவே கூம்பை வெள்ளையாகவே விடுங்கள். அதற்குக் கீழுள்ள சேவைக் கலம்தான் வெள்ளி. உச்சியில் இருக்கும் தப்பிக்கும் கோபுரத்தின் கம்பிகள் கிட்டில் தடிமனாக இருக்கும், பொறுமை இருந்தால் மெல்லிய பித்தளைக் கம்பியில் புதிதாகக் கட்டிவிடுங்கள்.

பெயிண்டுக்கு முன் சாம்பல் பிரைமர் அடியுங்கள், மறைந்ததாக நினைத்த தையலெல்லாம் அப்போதுதான் வெளியே வரும், மறுபடி தேய்க்கத் தயங்க வேண்டாம். வெள்ளைக்கு அக்ரிலிக் நல்லது, எனாமல் வெள்ளை காலப்போக்கில் மஞ்சளாகும். மெல்லிய பூச்சுகளாக வெள்ளை முழுவதையும் முடித்துக் காய்ந்த பின், மடித்த காகிதத்தை வைத்துக் கறுப்புப் பட்டைகளை அளந்து டேப் ஒட்டுங்கள். ஒட்டியதும் டேப் ஓரத்தில் முதலில் வெள்ளையையே ஒருமுறை அடித்தால் இடுக்குகள் மூடிக்கொள்ளும், அதன் மேல் கறுப்பு அடிக்கும்போது கோடு கத்தியால் வெட்டினதுபோல் வரும். முழுக் கறுப்பைவிட மிக அடர்ந்த சாம்பல் சின்ன அளவில் இயல்பாகத் தெரியும் என்பது என் அபிப்பிராயம்.

பழைய டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்து, சின்னத் தாள்) மஞ்சளாகியிருந்தால் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுச் சில நாள் ஜன்னல் வெயிலில் வையுங்கள், பெரும்பாலும் வெளுத்துவிடும். பயன்படுத்தாத ஒரு துண்டை முதலில் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், நொறுங்கினால் தாள் முழுவதும் தெளிவான வார்னிஷ் மெல்லியதாக அடித்துக் காயவைத்து, ஒவ்வொன்றையும் தனியே வெட்டிப் பயன்படுத்துங்கள். அடியில் பளபளப்பான பூச்சு இருந்தால்தான் டெக்கால் விளிம்பு வெள்ளிபோல் மின்னாது. எல்லாம் காய்ந்த பிறகு, பாதிப் பளபளப்புள்ள தெளிவான பூச்சு ஒன்று கடைசியாக. கோபுரத்தை அதற்கும் பிறகு ஒட்டுங்கள், அதற்கு முன் ஒட்டினால் பட்டைகளுக்கு டேப் சுற்றும்போது அது எப்படியும் உடைந்துவிடும்.