கேரக்டர் சூப்பர், கதை சொதப்பல்: அப்படிப்பட்ட இரண்டாம் பாகத்துக்கு எப்படி மார்க் போடுவது?

விண்வெளிப் படங்களின் இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். ஒன்று, "லாஜிக்கே இல்லைப்பா". இன்னொன்று, "லாஜிக் பார்த்தா படம் பார்க்க முடியுமா, ஆளுங்க எவ்வளவு நல்லா நடிச்சிருக்காங்க". இரண்டுமே உண்மையாக இருக்கலாம், ஆனால் நடிப்புக்கு ஐந்து, கதைக்கு இரண்டு, கூட்டி வகுத்தால் மூன்றரை என்று கணக்குப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் செய்கிற முறையை, 2013-ல் ஜே.ஜே. ஆப்ராம்ஸ் இயக்கத்தில் வந்த 'ஸ்டார் டிரெக் இன்டு டார்க்னெஸ்' படத்தை வைத்தே சொல்கிறேன். முடிவு வரை எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில், வீட்டுக்கு வந்ததும், யாருடைய விமர்சனத்தையும் படிப்பதற்கு முன், கதையை ஒருவரிடம் வாயால் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் நாக்கு சிக்குகிறதோ அங்கேதான் கோளாறு. இந்தப் படத்தின் தொடக்கத்தைச் சொல்ல எனக்கு மூச்சு வாங்கவே இல்லை. எரிமலைக்குள் மாட்டிக்கொண்ட நண்பனும் துணை அதிகாரியுமான ஸ்பாக்கைக் காப்பாற்ற, அந்தக் கிரகத்துவாசிகள் கண்ணில் படவே கூடாத கப்பலைக் கடலுக்கடியிலிருந்து கிளப்பிக் காட்டிவிடுகிறான் கேப்டன் கர்க். அப்புறம் அறிக்கையில் அதை மறைக்கிறான். பொய்யே சொல்லத் தெரியாத ஸ்பாக் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்ப, கர்க்கின் பதவி போகிறது. ஒருவன் நண்பனுக்காக விதியை மீறுகிறவன், இன்னொருவன் அந்த நண்பனையே காட்டிக்கொடுக்கிற அளவுக்கு விதியைப் பிடித்துக்கொண்டிருப்பவன். இங்கே கதையை நகர்த்துவது இந்த இரண்டு பேரின் குணம்தான்.

நடுப்பகுதியைச் சொல்லிப் பாருங்கள். படத்தின் வில்லனான சூப்பர் மனிதன் கான், தன்னைப் போன்ற தன் ஆட்கள் 72 பேரை உறைநிலையிலேயே டார்பிடோ என்ற ஏவுகணைகளுக்குள் ஒளித்து வைக்கிறான், அதே டார்பிடோக்களை மேலதிகாரி அட்மிரல் மார்கஸ் கர்க்கிடம் கொடுத்து, எதிரி இனமான கிளிங்கான்களின் கிரகத்தில் பதுங்கியிருக்கும் கான் மேலேயே போடச் சொல்கிறார், ஏனென்றால் அவருக்குப் போர் வேண்டும்... நான் இதைத் தம்பியிடம் சொன்னபோது "இரு, யாரு யாரை ஒளிச்சு வச்சா?" என்று மூன்று தடவை கேட்டான். கேரக்டர் சும்மா நிற்க, திரைக்கதை மட்டும் ஓடுகிற இடம் இது. நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஓட்டைகளைத் தரம் பிரிப்பது. எல்லா ஓட்டையையும் ஒரே மாதிரி எண்ணாதீர்கள். விண்வெளிக் கப்பலைக் கடலுக்குள் ஒளித்து வைப்பார்களா என்றால் மாட்டார்கள்தான். ஆனால் அதைக் கேட்பதே படத்தில் இருக்கிற எஞ்சினியர் ஸ்காட்டிதான், உப்புத்தண்ணியில் கப்பல் என்னத்துக்கு ஆகும் என்று புலம்புகிறான். இதற்கு மார்க் குறைக்க மாட்டேன். பூமியிலிருந்து கிளிங்கான் கிரகத்துக்கு, ஆளையே இடம் மாற்றும் கருவியால் ஒரே தாவில் கான் போய்விடுகிறான், அப்படிப் போக முடியுமென்றால் இனிமேல் கப்பல் எதற்கு? இது கொஞ்சம் பெரிய ஓட்டை. எரிச்சல் வரும், ஆனாலும் யாருடைய மனசையும் அது தொடவில்லை, அதனால் அரை மார்க்கோடு விட்டுவிடலாம்.

விடக்கூடாத ஓட்டை ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்க இரண்டு காட்சிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

கிளிங்கான் கிரகத்துக்குப் போகும் சின்னக் கப்பலில் ஸ்பாக்கின் காதலி ஊஹுரா அவனிடம் சண்டை போடுகிறாள், எரிமலைக்குள் சாகத் துணிந்தபோது என்னை நினைத்தாயா என்று. கர்க் நடுவில் மாட்டிக்கொண்டு நெளிகிறான். அப்போது ஸ்பாக் சொல்கிறான்: கானின் தாக்குதலில் நம் மூத்த அதிகாரி பைக் இறந்த நொடியில் அவர் மனதோடு என் மனதை இணைத்தேன், அவருடைய பயம், கோபம், தனிமை எல்லாவற்றையும் உணர்ந்தேன், என் கிரகம் அழிந்த அன்றும் அதையேதான் அனுபவித்தேன், இனி உணர வேண்டாம் என்று நானே முடிவெடுத்தேன். கடைசியில் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் போய் எஞ்சினைச் சரிசெய்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கர்க் செத்துக்கொண்டிருக்கிறான். எப்படி உணராமல் இருக்கிறாய், சொல்லிக்கொடு என்று ஸ்பாக்கைக் கேட்கிறான். தெரியவில்லை, இப்போது என்னாலேயே முடியவில்லை என்கிறான் ஸ்பாக். சின்னக் கப்பலில் வைத்த கடன் இங்கே வட்டியோடு அடைகிறது. 1982-ல் வந்த பழைய ஸ்டார் டிரெக் படத்தில் கண்ணாடிக்குப் பின்னால் செத்தது ஸ்பாக், இதில் இடம் மாற்றியிருக்கிறார்கள் என்பது பழைய ரசிகர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் தொண்டை அடைக்கும்.

அடுத்த சில நிமிடங்களில், கானின் ரத்தம் ஏற்றிய செத்த டிரிபிள், அதாவது ஒரு குட்டி ரோமப் பிராணி, அசைய ஆரம்பிக்கிறது. அந்த ரத்தம் இருந்தால் கர்க் பிழைத்துவிடுவான். சரி, கானை உயிரோடு பிடி என்று ஓடுகிறார்கள். ஆனால் அதே ரத்தவகை சூப்பர் மனிதர்கள் 72 பேர் அந்தக் கப்பலிலேயே படுத்திருக்கிறார்களே! கர்க்கைப் படுக்க வைக்க அவர்களில் ஒருவனைத்தான் டாக்டர் மெக்காய் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கச் சொல்கிறார், அவன் கையில் ஊசி போட யாருக்கும் தோன்றவில்லை. இதைவிட மோசம், கர்க்கின் சாவு இப்போது சாவாகவே இல்லை. 1982-ல் செத்த ஸ்பாக் திரும்பி வர ரசிகர்கள் 1984 வரை காத்திருந்தார்கள். இங்கே பாப்கார்ன் தீர்வதற்குள் ஆள் எழுந்துவிடுகிறான். கேரக்டர் விலை கொடுத்து வாங்கியதைத் திரைக்கதை பிடுங்கிக்கொள்கிற ஓட்டை இது. இதற்கு முழு மார்க்காகக் குறையுங்கள், தயவே வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை: நடிகரைப் பிடிப்பது வேறு, கேரக்டர் நன்றாக எழுதப்பட்டிருப்பது வேறு. பெனடிக்ட் கம்பர்பேட்சின் குரலுக்காகக் கானைப் பலமான கேரக்டர் என்று எழுதிவிடாதீர்கள். குரலை எடுத்துவிட்டுப் பார்த்தால், தன் ஆட்களுக்காக அழுகிற அந்த ஒரு காட்சிதான் மிச்சம்.

என் கணக்கு ஐந்துக்கு மூன்று. இப்போதும் அவ்வப்போது இந்தப் படத்தைப் போட்டுப் பார்ப்பேன், கண்ணாடிக் கதவுக் காட்சி முடிந்ததும் நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விடுவேன்.